தங்காத எண்ணெய்

செக்கு வீட்டுப் பெரியம்மா ஒரு விரலால் என் கன்னத்தில் தட்டினார். காதுக்குச் சற்று முன்னால், தாடை தொடங்குகிற இடத்தில், மெதுவாக இரண்டு தட்டு. என் மேலுதடு தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் இழுக்கவில்லை. மறுபடி தட்டினார், மறுபடி இழுத்தது. உச்சி மத்தியானம். தெருவில் ஈ காக்கை இல்லை.

"வந்துருச்சு" என்றார். விருந்தாளி வந்துவிட்டதைச் சொல்கிற குரல்.

"என்னது பெரியம்மா வந்துருச்சு?"

"அதுதான்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்த் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். நான் கண்ணாடி முன்னால் நின்று என் கன்னத்தில் நானே தட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவள் வாயைக் கோணினாள். அன்று முழுவதும் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன்.

அருப்புக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவின் முகப்பில் அவர் வீடு. வீட்டை ஒட்டியே எண்ணெய்ச் செக்கு. மாடு சுற்றுகிற செக்கு இல்லை, கரண்டில் ஓடுகிற ரோட்டரி. புருஷன் போன பிறகு ஓர் ஆளை வைத்து அவரே நடத்தினார். அவர் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மனமில்லை. எனக்கு அவர் சொந்தமும் இல்லை. நான் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பெற்றவளும் இல்லை, மாமியாரும் இல்லை. வீட்டுக்காரர் தூத்துக்குடிக்கு லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கினால் அதிசயம். பிள்ளை பெற்றுவிட்டு ஆளில்லாமல் கிடக்கிற பெண்ணைக் கண்டால் பெரியம்மாவுக்குப் பொறுக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அன்றைக்கே வந்துவிட்டார். கூப்பிட்டேனா என்று கேட்டால், இல்லை.

உயரமான, ஒல்லியான ஆள். யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார், காலைத்தான் பார்ப்பார். பாதத்தில் தொடங்கி முட்டி, இடுப்பு என்று ஏறி, முகத்துக்கு வருவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். மாட்டுச் சந்தையில் நிற்பது மாதிரி எனக்கு எரிச்சல் வரும். எனக்கு யாரையும் சட்டென்று பிடிக்காது, இவரைப் பிடிக்காமல் இருக்க இதுவே போதுமான காரணமாக இருந்தது.

அவர் சொன்னால் நடந்துவிடும் என்று தெருவில் ஒரு பேச்சு. நல்லது எதையும் சொல்ல மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு டெய்லர் மனைவி ஒருநாள் எண்ணெய் வாங்கப் போனபோது, "இந்தக் காலு வெள்ளிக்கெழமைக்குள்ள செருப்புக்குள்ள நொழையாது" என்றாராம். வியாழக்கிழமையே கால் வீங்கி நுழையவில்லை. அதிலிருந்து அந்த அம்மா எண்ணெய் வாங்க மகனைத்தான் அனுப்புவாள்.

இதில் ஒரு வேடிக்கை, சீரியலில் மட்டும் அவர் சொன்னது ஒன்றுகூடப் பலித்ததில்லை. செக்குச் சத்தத்தில் காது கேட்காது என்று டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். "இவ நாளைக்குச் செத்துருவா பாரு" என்பார். அவள் அடுத்த வாரம் புதுப் பட்டுச்சேலையோடு வந்து நிற்பாள். "இந்தச் சிறுக்கிக்குத் திடமான எலும்பு" என்று டிவியை அணைத்துவிடுவார். இதைச் சொல்லி நான் அவரை நிறையக் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி, சிரித்தால் சின்னப்பிள்ளை போல இருக்கும்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டது எண்ணெயால். காலையில் ஒரு பச்சை முட்டையை உடைத்து என் வாயில் ஊற்றுவார். அதே ஓட்டில் நல்லெண்ணெயை நிரப்பி அதையும் ஊற்றுவார். மத்தியானம் உளுந்தங்களி. உளுந்து மாவையும் கருப்பட்டிப் பாகையும் கிண்டி உருட்டி, நடுவில் குழித்து, குழி வழிய எண்ணெய் விட்டுக் கொண்டுவருவார்.

"இடுப்பெலும்பு இப்பப் பச்ச மண்ணு தாயி. எண்ணெ விட்டாத்தான் இறுகும். முழுங்கு."

எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இதுதான் வழக்கம். இதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. தெருவில் பாதிப் பெண்கள் அவர் செக்கு எண்ணெயைக் குடித்துத்தான் எழுந்து நடந்தார்கள். நானும் முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, களி அத்தனை ருசி.

ஐப்பசி மழையில் எனக்கு வயிற்றோட்டம் பிடித்தது. மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்றது. பத்து நாளில் மறுபடி வந்தது. இப்படியே விட்டு விட்டு மார்கழி தாண்டியும் ஓடியது. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கக்கூஸில் போவது வெளிறிப்போய், எண்ணெய் மினுக்கத்தோடு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெரியம்மாவுக்குக் கூச்சமே கிடையாது. விடிந்ததும் என் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மெதக்குதா?" என்பார்.

"மெதுவாக் கேளுங்க பெரியம்மா."

"மெதக்குதா இல்லையா?"

"மெதக்குது."

அவர் முகம் இறுகும். "ஊத்துனது தங்கல. தங்காமப் போறதுக்கும் சேத்து ஊத்தணும்" என்று இன்னொரு ஓடு எண்ணெயை நீட்டுவார்.

அப்போதுதான் அவர் 'அது' என்று பேசத் தொடங்கினார். நோய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அது இப்ப முட்டியிலதான் இருக்கு. மாசி பொறக்கங்குள்ள இடுப்புக்கு ஏறிரும். அதுக்கு முன்னாடி நாம எலும்ப இறுக்கிப்புடணும்" என்பார். மாசி பிறந்தபோது எனக்கு இடுப்பில் வலி. எழுந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, புரண்டு படுத்தால் விலா எலும்பில் வலி. "இனி படியேறணும்னா கையி சொவத்தத் தேடும்" என்றார். தேடியது. "நடக்கையில வாத்து மாதிரி ரெண்டு பக்கமும் சாயுவ" என்றார். சாய்ந்தேன். ஒவ்வொன்றும் எனக்கு வருவதற்கு நாலைந்து நாள் முன்னால் அவர் வாயில் வந்துவிடும். என் உடம்பில் நடக்கப்போவது என்னைவிட அவருக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தது. அவர் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும்.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பால்னு நெனைக்காத. அவ குடிக்கிறது உன் எலும்ப."

நான் மகளை மார்பிலிருந்து பிடுங்கியெடுத்துவிட்டேன். அது வீரிட்டு அழுதது. பெரியம்மாவும் அழுதார். எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் நான் சுவரைத் தின்னத் தொடங்கியிருந்தேன். எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வெள்ளையடித்த சுவரில் நகம் பட்டது, நகத்தை வாயில் வைத்தேன், வாய் ஊறியது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. மத்தியானங்களில் குழந்தை தூங்கியதும் சமையலறை மூலையில் நின்று சுரண்டுவேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். பெரியம்மா ஒருநாள் என் கையைப் பிடித்து விரல்களை மோந்து பார்த்தார்.

"சொவரா?"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வெத்தலச் சுண்ணாம்ப மட்டும் தொட்றாத, வாய் வெந்துரும். சொவரு பரவாயில்ல" என்றார், மிகச் சாதாரணமாக.

அவர் வீட்டு உள்ளறையில் நான் பார்த்த ஒன்று அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில், படுத்திருக்கிற ஆள் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், ஒரு முறம் அளவுக்குச் சுண்ணாம்பு முழுவதும் போய்ச் செங்கல் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் வீடு முழுக்க வெள்ளையடிப்பவர், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

பந்தல்குடியிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்தாள். நான் சுவரைப் பிடித்து நடந்து வந்த கோலத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன புள்ள இது? செக்குக்காரி கையால திங்கியாமுல்ல? ஒனக்குப் புத்தி எங்க போச்சு?"

"அவுகதான் மதினி பாத்துக்கிறாக. வேற யாரு இருக்கா?"

"பாத்துக்கிறாளா? பெத்த மகளையே வாரிக் குடுத்தவ. வருமுன்னே சொல்றான்னு ஊரே சொல்லுது. அவ சொல்றதுனாலதான்டி வருது."

மகள் ஒருத்தி பிரசவத்துக்கு வந்த இடத்தில் இறந்துபோனாள் என்பது எனக்கும் தெரியும். தெருவில் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. மதினி திருநீறு மந்திரித்துக் கட்டிவிட்டுப் போனாள். போகும்போது, அந்தக் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று பிள்ளைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவள் சொன்னதைப் பாதி நம்பினேன். பயந்தவளுக்குப் பாதி போதும். பெரியம்மாவின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியாமல், கொண்டுவருவதை வாங்கி வைத்துக்கொண்டு அவர் தலை மறைந்ததும் சாக்கடையில் ஊற்றினேன். ஐந்து நாள் ஊற்றினேன். ஐந்தாம் நாள் வயிறு கொஞ்சம் அடங்கியிருந்தது. மிதக்கவும் இல்லை. செய்வினைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஆறாம் நாள் காலையில் அவர் என் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்து வெயிலில் பல நிறமாக மினுங்கியது. எறும்பு மொய்த்த களி உருண்டை ஒன்று கல்லிடுக்கில் சிக்கிக்கிடந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது பயம். அப்படிப் பயந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கொட்டாதத்தா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். "செத்துருவ. எனக்குத் தெரியும். குடிச்சிரு."

வயதில் மூத்தவர் காலைப் பிடித்தால் என்ன செய்ய? தூக்கிலிருந்து அவர் ஊற்ற, நின்றபடி குடித்தேன். தொண்டையில் இறங்குகிறவரை என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மிதந்தது.

அப்புறம் ஒரு வாரம்தான். குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருந்தது. இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குவிந்துகொண்டன. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் கைகள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டன. குழந்தை அழுகிறது, தூக்கக் கையில்லை. கத்தினேன். நான் கத்துமுன்பே புறப்பட்டிருப்பார் போல, வாசலில் பெரியம்மா.

"ஆட்டுக் குளம்பு மாதிரி ஆயிருச்சு" என்றார் என் கையைப் பார்த்து.

அவரிடம் எண்ணெய்த் தூக்கு இல்லை. முதல்முறையாக வெறுங்கையோடு வந்திருந்தார். குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும். அத என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது. எந்திரி. மதுரைக்குப் போறோம்."

செக்கை நிறுத்திப் பூட்டிவிட்டு, தெருவே வேடிக்கை பார்க்க என்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார். எனக்கு அவர்மேல் இருந்த பயம் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் குழந்தையைத் தூக்க அவர் கை மட்டும்தான் இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயது. என்னைப் படுக்கவைத்து என் கைகளைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் என் கன்னத்தில் தட்டினார். காதுக்கு முன்னால். அதே இடம், அதே இரண்டு தட்டு. என் உதடு இழுத்தது. தலையைத் திருப்பிப் பெரியம்மாவைப் பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி வழியாகச் சுண்ணாம்புச் சத்தை மெதுவாக ஏற்றினார்கள். உடம்பு முழுவதும் வெந்நீர் இறங்குவது போல ஒரு சூடு பரவியது. குவிந்துகிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பெரியம்மா எழுந்து வந்து, விரிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

ரத்தம், மலம் எல்லாம் சோதித்து மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பெரியம்மா வரிசையாகச் சொன்னார்: முட்டை, ஓட்டு எண்ணெய், களி, களிக்குழி எண்ணெய், ராத்திரி சோற்றில் ஒரு குழிக்கரண்டி. பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, இவங்க குடல் கெட்டுப்போயிருக்கு. கொழுப்ப உறிஞ்ச முடியல. நீங்க ஊத்துற எண்ணெய் உடைஞ்சு அமிலமாகி உள்ளயே நிக்குது. சாப்பாட்டுல வர்ற சுண்ணாம்புச் சத்த அந்த அமிலம் பிடிச்சுக்கிட்டு சோப்பாயிடுது. நெசமாவே சோப்புதான். அது கரையாது, உடம்புல சேராது. அப்படியே வெளிய போயிடும். மக்னீசியமும் அது கூடவே போயிடும். ரத்தத்துக்குச் சுண்ணாம்பு வேணுமே, அத எலும்புலருந்து எடுத்துக்குது. அதான் எலும்பு மெத்துன்னு ஆயிருச்சு."

செக்கில் அடியில் தங்குகிற கசட்டு எண்ணெயைச் சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு வருஷக்கணக்காகக் கொடுத்தவர் பெரியம்மா. எண்ணெய் எப்படிச் சோப்பாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்கூரு போர்த் தண்ணியில சோப்பப் போட்டா நொரைக்காது டாக்டரம்மா. தயிராட்டம் திரிதிரியா வெலகி நிக்கும். அது மாதிரியா?"

"அதேதாம்மா. அந்தத் தண்ணியிலயும் சுண்ணாம்பு அதிகம். அங்க வாளியில நடக்குறது இங்க வயித்துல நடக்குது."

"அப்ப நான் கூடக் கூட ஊத்த ஊத்த..."

"கூடக் கூட வெளிய போகும்."

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றது. பிறகு அவர் கேள்விகள் கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்விகளை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"காலு வளைஞ்ச பொறவு எண்ணெய நிறுத்துனா நிமிந்துருமா?"

"இவங்களுக்குக் கால் வளையலையேம்மா."

"சும்மா இருமுனா வெலா எலும்பு ஒடியுது. அதுக்குப் பொறவு?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இருமும்போது எலும்பு உடைஞ்சதா உங்களுக்கு?" இல்லை என்று தலையாட்டினேன்.

"தொண்ட இறுகி, மூச்சு கீச்சுன்னு இழுக்கும். அந்த நேரத்துல இந்த ஊசியப் போட்டா பொழைச்சிருமா?"

"அந்த நிலைக்கு இவங்க போக மாட்டாங்க. அதுக்குத்தான் இப்ப..."

"பொழைச்சிருமான்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "போட்டா பெரும்பாலும் பொழைச்சுக்குவாங்க" என்றார்.

பெரியம்மா குழந்தையை என் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். இத்தனை நாளும் அவருக்கு எல்லாம் முன்கூட்டி எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, இதே வரிசையில், அவர் ஏற்கெனவே ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். காய்ந்த கண்மாயும் கருவேலங்காடும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பேறுகாலத்துக்கு வந்த எடத்துல அவளுக்கும் இப்படித்தான் வயித்தால போச்சு. கன்னத்துல பவுடரு பூசிவிடுவேன், வாயி கோணும். ரெண்டு பேரும் சிரிப்போம். பிள்ள தங்கல. அதுக்கப்புறம் இவ எந்திரிக்கவே இல்ல. டவுன்ல காட்டுனோம், சத்தில்லன்னு டானிக்கு எழுதிக் குடுத்தாக. டானிக்க விட எண்ணெய்தான் பெருசுன்னு நான் ஊத்துனேன். கட்டில்ல படுத்துக்கிட்டே சொவத்தச் சுரண்டுவா. கையில அடிச்சிருக்கேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

"போன அன்னைக்கிக் காலையிலயும் ஊத்துனேன். வேணாம்மா, வேணாம்மான்னா. மூக்கப் பிடிச்சு ஊத்துனேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் செய்வினைக்காரி என்று நான் பயந்த கை அது. வெட்கமாக இருந்தது.

மாத்திரையும் ஊசியும் மாதக்கணக்கில் போயின. எனக்குச் சமைத்தது அப்போதும் பெரியம்மாதான். தாளிக்காத ரசம், மோர், ஆவியில் வெந்தது, கம்மங்கூழ். வாழ்நாளெல்லாம் எண்ணெயில் குளித்த அந்தக் கை என் சாப்பாட்டில் ஒரு சொட்டு விடாமல் சமைத்தது. என் பாத்திரங்களைத் தனியாக வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். மிதக்குதா என்று கேட்பது நின்றுவிட்டது. யாருக்கும் எதையும் முன்கூட்டிச் சொல்வதும் நின்றுவிட்டது. எண்ணெய் வாங்க வருகிறவர்களின் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். அது எனக்குப் பழையதைவிடப் பயமாக இருந்தது.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைக்கிறார் என்று தெரிந்தது. அதனால் அடுத்தமுறை தனியாக மதுரைக்குப் போனபோது அந்த மகளைப் பற்றி நானே டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பாக்காத ஆளப் பத்தி நான் எப்படிச் சொல்ல முடியும்? மருந்து இல்லாம அந்த நோயே ஆளக் கொண்டுபோயிருக்கும். எண்ணெய் அதைச் சீக்கிரமாக்கியிருக்கலாம்" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆறுதலைக் கொண்டுபோகிறோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

பெரியம்மா செக்கு அறை வாசலில் எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மாகிட்டக் கேட்டேன் பெரியம்மா. எண்ணெயால மட்டும் ஆகலையாம். அந்த நோயே அப்படித்தானாம்."

முறம் நின்றது. "அப்ப எண்ணெயாலயும் ஆச்சு" என்றார்.

"நான் அப்படிச் சொல்லல."

"நீ சொல்லல தாயி" என்று எள்ளைக் கீழே வைத்தார். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் நட. பாக்கேன்" என்றார்.

எழுந்து முற்றத்தில் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். சாயவில்லை. எதையும் பிடிக்கவில்லை. "இன்னொரு தடவ" என்றார். நடந்தேன். "இன்னொரு தடவ." வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தரை சுட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பழையபடி காலைத்தான் பார்த்தார். நான்காவதோ ஐந்தாவதோ தடவையில் அவர் பார்ப்பது என் காலை இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"போதும்" என்று கடைசியில் அவரே சொன்னார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லா நடக்குற. மகராசியா இரு. இனிமே இங்க வராதத்தா."

"பெரியம்மா..."

"கோவமில்ல. ஒன்னய நடக்க வச்சதுல எனக்கு எம்புட்டுச் சந்தோசம்னு சாமிக்குத் தெரியும். ஆனா நீ இந்த வாசல்ல நடந்து போறப்பல்லாம் அவளுந்தான நடந்திருப்பான்னு வருது. என்னால முடியல."

நான் எழுந்து வந்துவிட்டேன். எங்கள் தெருவில் அவர் வீடு இருந்த முகப்புக்கு மறுகோடியில் ஊருணிக்கரையைச் சுற்றி ஒரு மண் பாதை உண்டு. முள்ளும் குப்பையுமாகக் கிடக்கும், யாரும் அதில் போவதில்லை. அந்தத் தெருவில் இருந்த மிச்ச நாளெல்லாம் கடைக்கும் பஸ்ஸுக்கும் பால் வாங்கவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில்தான் போய் வந்தேன். நல்ல சுற்று. ஒருநாள்கூடக் கால் வலிக்கவில்லை.